கறுப்புக் கோட்டு இல்லாதவர் செய்யும் சட்ட உதவி: மட்டக்களப்பு, அம்பாறைக்கான முழுமையான வழிகாட்டி

சட்டப் பட்டம் இல்லை, ஆனால் ஊரில் வழியறியாமல் நிற்கும் ஏழைகளுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், மாதர் சங்கச் செயலாளராக இருக்கலாம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவராக இருக்கலாம். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் மேசை போட்டு இருந்தவன். என்னோடு வந்து சேர்ந்த புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுந்தது வரிசையில்தான். முதலில் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டார்கள். ஆகவே கீழுள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. உங்கள் எல்லையை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள்

நீதிமன்றத்தில் இன்னொருவருக்காக எழுந்து பேசுவது சட்டத்தரணியின் உரிமை. காணி உறுதி எழுதுவது நொத்தாரிசின் வேலை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதிய காணி விற்பனை செல்லாது.

விற்பவரும் வாங்குபவரும் சிரித்த முகத்தோடு சேர்ந்து வந்து, "ஒரு வெள்ளைத்தாளில் எழுதித் தாருங்கள் ஐயா, கையெழுத்து வைத்துக்கொள்கிறோம்" என்பார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தத் தாளை நம்பி வீடு கட்டியவர் பிறகு உங்களைத்தான் தேடி வருவார்.

மீதமுள்ளது நிறைய. கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லலாம், படிவம் நிரப்பலாம், முறைப்பாடு எழுத உதவலாம், ஆவணம் சேர்க்கலாம், சரியான கந்தோருக்கு அழைத்துப் போகலாம்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு காக்கிறது. 127 ஆம் பிரிவு அவருடைய எழுதுவினைஞரையும் மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்துக்கொள்கிறது. தனியாக மேசை போட்டிருக்கும் உங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. நீதிமன்றம் உங்களைச் சாட்சிக்கு அழைத்தால் கேட்டதைச் சொல்ல வேண்டிவரும்.

ஆகையால் குற்றவழக்கில் சந்தேகநபராக இருப்பவர் வந்து உட்கார்ந்ததும், அவர் வாயைத் திறக்கும் முன்பே நிறுத்துங்கள். "என்ன நடந்தது என்று என்னிடம் சொல்ல வேண்டாம், சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிடுங்கள். நான் ஒருமுறை இரக்கப்பட்டு முழுவதையும் கேட்டு, போதாக்குறைக்குக் கொப்பியில் எழுதியும் வைத்தேன். அந்த வழக்கு முடியும்வரை எனக்கு நல்ல தூக்கம் இல்லை.

"வழக்கு வெல்லுமா?" என்ற கேள்விக்கு எந்த நாளும் பதில் சொல்லாதீர்கள்.

2. மேசை போடுவதற்கு முன் சேர்க்க வேண்டியவை

முதலில் வேண்டியது தொலைபேசி எடுக்கும் ஒரு சட்டத்தரணி. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கு நேரில் போய், நீங்கள் யார், எந்த ஊரில், எந்த நாளில் இருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முகம் தெரிந்தால் நீங்கள் அனுப்பும் ஆளை அவர்கள் மறுபடி ஆரம்பத்திலிருந்து விசாரித்துக் களைக்க மாட்டார்கள். நீதிமன்றத்தில் அவர்கள் சட்டத்தரணியை நிறுத்துவதற்கு வருமான எல்லை ஒன்று உண்டு. கிராம உத்தியோகத்தரின் வதிவிட, வருமானச் சான்றிதழைக் கையோடு கொடுத்து அனுப்பினால் ஒரு பஸ் பயணம் மிச்சம். வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ வருபவருக்கு ஒரு பயணம் என்பது ஒரு நாள் கூலி.

அடுத்து, ஆண் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் பெண்கள் வந்து கடன் பிரச்சினை சொல்வார்கள், அடிவிழுந்ததைச் சொல்ல மாட்டார்கள். ஒரு பெண் தொண்டரும், குரல் வெளியே கேட்காத ஒரு மூலையும் கட்டாயம் வேண்டும். வாசிகசாலையில் பத்திரிகை வாசிக்க வருபவர்களின் காது மிகக் கூர்மையானது.

சாமான்கள் கொஞ்சம்தான்: கட்டுக் கொப்பி, பெரிய நாட்காட்டி, பென்சில், கோவை அட்டைகள், பதிவுத் தபால் உறைகள். சுவரில் பெரிய எழுத்தில் சிறுவர் உதவிக்கு 1929, பெண்கள் உதவிக்கு 1938, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996.

பணம் தொடாதீர்கள். தபால் செலவைக்கூட வந்தவர் தம் கையாலேயே கட்டட்டும். நூறு ரூபாய் உங்கள் கைக்கு மாறினால், நீதிமன்ற வாசலில் நிற்கும் தரகருக்கும் உங்களுக்கும் ஊர் வித்தியாசம் பார்க்காது.

3. கதை பிறகு, திகதி முதலில்

வந்தவர் தம் திருமணத்திலிருந்து கதையைத் தொடங்குவார். மரியாதையாக இடைமறித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது நடந்தது எப்போது? அடுத்து எங்கேயாவது போகச் சொல்லித் திகதி தந்திருக்கிறார்களா?" கதையை மறுநாளும் கேட்கலாம். கடந்த திகதியை யாராலும் மீட்க முடியாது.

நாட்காட்டிக்குப் பக்கத்தில் இந்தக் காலக்கெடுக்களை ஒட்டி வையுங்கள்.

அரச அதிகாரியோ பொலிஸாரோ அடிப்படை உரிமையை மீறியதாக உயர் நீதிமன்றம் போவதற்கு, அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கணக்கில் சேர்க்காது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது, விசாரணை உண்மையில் நடப்பதைக் காட்ட வேண்டிவரும். அதனால் அன்றே சட்டத்தரணிக்கும் சொல்லிவிடுங்கள்.

இருந்த காணியிலிருந்து பலவந்தமாக வெளியேற்றப்பட்டால் இரண்டு மாதம். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் வரும் வழக்கில், நீதிமன்றத்தில் தகவல் தாக்கல் செய்த நாளிலிருந்து பின்னோக்கி இரண்டு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டவரை மறுபடி குடியமர்த்த நீதிமன்றத்தால் முடியும். அது கடந்தால் மாவட்ட நீதிமன்றம், வருடக்கணக்கு, செலவு.

வேலை நீக்கத்துக்குத் தொழில் நியாய சபை: ஆறு மாதம். எழுத்தில்லாமல் கொடுத்த கைமாற்றுக் கடனுக்கு மூன்று வருடம், எழுத்து இருந்தால் ஆறு வருடம். பிறப்பைப் பதிய மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவாகி, ஆவணங்களும் அலைச்சலும் பெருகும்.

நுண்கடன் எடுத்த பெண்கள் கொண்டுவரும் நீதிமன்ற அழைப்பாணையைத் தனியாகச் சொல்ல வேண்டும். "காசு இல்லை, போய் என்ன சொல்வது" என்று வெட்கத்தில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்த பிறகு, அதை நீக்கும்படி கேட்க இருப்பது 14 நாள் மட்டுமே. அழைப்பாணையைப் பார்த்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்துங்கள்.

4. பையைக் கொட்டி அடுக்குங்கள்

எங்கள் பக்கத்தில் ஆவணங்கள் சொப்பிங் பைக்குள் இருக்கும். சில வேளை அரிசிப் பானைக்குள் இருந்ததாகச் சொல்வார்கள், தாளை விரித்தால் தவிடு கொட்டும். 2004 சுனாமியில் எல்லாம் போய், பிறகு ஒவ்வொன்றாக எடுத்தவர்கள் கரையோரத்தில் இன்னும் இருக்கிறார்கள். தாளைத் தொட விடுவதற்கே அவர்களுக்கு நேரம் வேண்டும்.

ஒரு மேசை முழுவதையும் காலியாக்கிக்கொள்ளுங்கள். எல்லாத் தாளையும் பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று திகதிப்படி பரப்புங்கள். வகைப்படி அடுக்காதீர்கள். புதியவர்கள் அடையாள அட்டை ஒரு கட்டு, காணி ஒரு கட்டு, பொலிஸ் ஒரு கட்டு என்று அழகாக அடுக்குவார்கள். அதில் எது எதற்குப் பிறகு நடந்தது என்பது மறைந்துவிடும். வழக்கின் உயிரே அதில்தான்.

ஒரு மாசி மாதம், ஓர் அம்மா மகனோடு வந்தார். மைத்துனர் வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே குடியேறிவிட்டார். பையில் இருந்தது கணவரின் பேரில் காணி அனுமதிப்பத்திரம், மரணச் சான்றிதழ், மின்பட்டியல்கள், பிள்ளையின் தடுப்பூசி அட்டை, ஒரு கல்யாணக் கடிதம்கூட. அவர் சொன்ன கதையில் நிகழ்ச்சி "போன வருடம்" நடந்தது. பரப்பி முடித்தபோது மின்பட்டியலின் மடிப்புக்குள்ளிருந்து பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு ஒன்று விழுந்தது. திகதி மார்கழி கடைசி வாரம். போன வருடம்தான், பொய் இல்லை. ஆனால் இரண்டு மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்தத் துண்டை முதலிலேயே பார்த்திராவிட்டால், வேலியின் பழைய வரலாற்றை இன்னும் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்திருப்போம்.

அடுக்கியதும் ஒற்றைத் தாளில் திகதி, நடந்தது, அதைக் காட்டும் ஆவணம் என்று மூன்று நிரல் போட்டு எழுதுங்கள். எந்தச் சட்டத்தரணியும் நன்றி சொல்லி வாங்குவது இந்தத் தாளைத்தான். மூலப்பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். போட்டோப் பிரதி எடுத்து, மூலத்தை அவர் கண்முன்னே பையில் போட்டுக் கொடுங்கள்.

பெயர்களையும் இப்போதே ஒப்பிடுங்கள். அடையாள அட்டையில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் வேறொரு விதம் என்பது இங்கே சாதாரணம். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் பல இடங்களில் ஏற்பார்கள். எங்கே ஏற்பார்கள் என்று கேட்டுக்கொண்டு முடியுங்கள்.

5. எந்தக் கதவைத் தட்டுவது?

புதியவர்களின் பெரிய பிழை, முதலில் ஓர் அரசியல்வாதியிடம் கடிதம் வாங்க ஓடுவது. அந்தக் கடிதம் எந்தக் காலக்கெடுவையும் நிறுத்தாது. இரண்டாவது பிழை, ஒரே முறைப்பாட்டைப் பத்துப் பேருக்குப் பிரதி போட்டு அனுப்புவது. பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள்.

தாபரிப்பு (மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புச் செலவு) என்றால், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றம். கணவர் எங்கே வேலை செய்கிறார், எவ்வளவு உழைக்கிறார் என்பதற்கான துண்டுதுணுக்குகளை முன்கூட்டியே சேருங்கள். பிள்ளையின் பால்மா, பாடசாலை, வைத்தியசாலைச் செலவுகளை மாதவாரியாக எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான தாய்மார் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, கேட்கும்போது விளக்க முடியாமல் நிற்கிறார்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது காதி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே சட்டத்தரணி தோன்ற முடியாது. அந்தப் பெண் தானே பேச வேண்டும். ஆகையால் உங்கள் உதவி அங்கேதான் அதிகம் தேவைப்படும்: திகதித் தாள், செலவுக் கணக்கு, இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுதல். காதி இட்ட தாபரிப்புக் கட்டளைக்குக் காசு வராவிட்டால், அறவிடுவது நீதவான் நீதிமன்றம் ஊடாக என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டில் அடி என்றால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் 14 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம், பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. இங்கே என் தனிப்பட்ட கருத்து ஒன்று: "பேசிச் சமாதானமாகப் போங்கள்" என்று சொல்லத் துடிப்பவரை அந்த மேசையில் உட்கார வைக்காதீர்கள். ஊர்ப்பெரியவர் பத்துப் பேர் அதைச் சொன்ன பிறகுதான் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள்.

சிறு கடன், அயல் சண்டை, வேலித் தகராறு போன்றவை பெரும்பாலும் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த மத்தியஸ்த சபைக்கு முதலில் போக வேண்டும். சபை அநேகமாக வார இறுதிகளில் பாடசாலைகளில் கூடும். அங்கேயும் சட்டத்தரணிகள் இல்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. தம்மால் நிறைவேற்ற முடியாத நிபந்தனைக்குத் தலையாட்டிவிட்டு வருபவர்களும் உண்டு. "முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மத்திய கிழக்கில் சம்பளம் கிடைக்காத பெண்ணின் குடும்பம் வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். கடவுச்சீட்டுப் பிரதி, ஒப்பந்தம், முகவர் பெயர், அவள் அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் சேருங்கள். குரல் பதிவை அழித்துவிடாதீர்கள், மூலத் தொலைபேசியிலேயே இருக்கட்டும்.

6. எழுதுதல்

அழகான தமிழ் எழுதாதீர்கள். புதியவர் ஒருவர் எழுதிக் கொண்டுவந்தது: "மேற்படி நபர் ஈவிரக்கமின்றி எனது வாழ்வாதாரத்தைச் சூறையாடி என்னை நடுத்தெருவில் நிறுத்தினார்." நான் திருத்திக் கொடுத்தது: "2019 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி காலை எட்டு மணியளவில் அவர் என் தோணியையும் இரண்டு வலைகளையும் எடுத்துச் சென்றார். பக்கத்து வளவுக்காரர் பார்த்தார்." முதலாவதை வாசிக்கும் அதிகாரி பெருமூச்சு விடுவார். இரண்டாவதை வாசிப்பவர் அந்தப் பக்கத்து வளவுக்காரரை அழைக்க வேண்டும்.

ஒரு கடிதத்தில் ஒரு விடயம். கடைசிப் பந்தியில் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கேட்காத கடிதம் கோவைக்குள் போய்விடும். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்லாத சொல் ஒன்று இருந்தால் வெட்டிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் நிற்கப் போகிறவர் அவர்.

"ஏன் என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது?", "என் காணிக் கோவை எங்கே?" போன்ற கேள்விகளுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைக்கு அடக்கமான கருவி. காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே கந்தோரில் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு. "எல்லா ஆவணமும் தருக" என்று கேட்காதீர்கள். எந்தத் திகதியில், எந்தக் கடிதத்துக்கு எடுத்த முடிவு என்று கேளுங்கள்.

7. கூடப் போதல்

பொலிஸ் நிலையத்தில் உள்ளே உட்கார உங்களுக்கு உரிமை கிடையாது, பொறுப்பதிகாரி விட்டால் உண்டு. வாதாடாமல் வெளியே நில்லுங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. இதைச் சத்தம் போடாமல், தாழ்மையாகவே கேட்கலாம்: "ஐயா, தமிழில் எழுத ஒருவர் இருப்பாரா?" பல நாள் இருப்பார். வெளியே வந்ததும் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்கிக் கொப்பியில் எழுதுங்கள்.

அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில், பொத்துவில்காரருக்கு மாவட்ட செயலகமே தூரம். சிங்களத்தில் கடிதம் வந்தால் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதலாம். ஆனால் அதற்காகக் காத்திருந்து கெடுவை விட்டுவிடாதீர்கள். அன்றே வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள்.

நீதிமன்றத்தில் உங்கள் வேலை பின்வாங்கில். அடுத்த தவணைத் திகதியைக் காதால் கேட்டு எழுதுவது ஒன்றே போதும். பதற்றத்தில் இருப்பவருக்கு அது காதில் விழாது.

8. பின்தொடர்தலும் கோவையை மூடுவதும்

ஒவ்வொரு சனிக்கிழமையும் மேசையைத் திறந்ததும் நாட்காட்டியில் வரும் இரண்டு வாரத்தைப் பாருங்கள். தவணை உள்ளவருக்கு முதல் நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு. பலருடைய இலக்கம் மாதத்துக்கு ஒருமுறை மாறும். பக்கத்து வீட்டு இலக்கம் ஒன்றையும் அவர் சம்மதத்தோடு வாங்கி வையுங்கள். அடிபட்டு வந்த பெண்ணிடம் மட்டும், எந்த இலக்கத்துக்கு, எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று கேட்காமல் எடுக்காதீர்கள். எடுக்கப் போவது கணவராக இருக்கலாம்.

உங்களால் முடியாத விடயத்தை அன்றே முடியாது என்று சொல்லுங்கள். "பார்ப்போம்" என்று சொல்லி மூன்று மாதம் வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் போன கெடுவுக்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

விடயம் முடிந்ததும், நீங்கள் வைத்திருந்த பிரதிகளையும் திருப்பிக் கொடுத்துக் கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வராதவர் பெருவிரல் வைக்கட்டும். மை துடைக்கப் பழைய துணி ஒன்றை மேசைக்கடியில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் அடுத்தவரின் அனுமதிப்பத்திரத்தில் படும்.